நாலு மூலை, சில சமயம் ஐந்து

"சாச்சா இஞ்சி" என்று சொல்லித்தான் கொடுத்தான்
கன்டெய்னர் யார்டில் சீல் உடைக்கும் கௌஸ்.
ரெஜினா மோந்து பார்த்தாள்.
"இஞ்சிக்கு ஏதுய்யா கொட்டை?"

காகிதத்தில் ஏழு விதைகள்.
நடு புடைத்து, ஓரம் மெலிந்து,
மிதிபட்ட பழுப்புப் பொத்தான்கள்.
பெரு தேசத்துக் கொடியாம்.
காய் நட்சத்திரம் மாதிரி இருக்குமாம்.
விதையில் பாதி எண்ணெயாம்.
எண்ணெய் என்றதும் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

எண்ணெய்க்கா பஞ்சம் இந்தப் பக்கம்?
எங்கள் பிளாக் அடிபம்பில்
முதல் வாளியில் வருவது வானவில்தான்.
நான் மணலியில் டேங்கர் கழுவுகிறவன்.
இடுப்பில் கயிறோடு மேல்மூடி வழியாக இறங்கி
இருட்டின் வயிற்றைத் துடைத்துவிட்டு ஏறுவேன்.
மூன்று முறை சோப்புப் போட்டாலும்
டீசல் எனக்கு முன்னால் போய்த்
தலையணையில் படுத்திருக்கும்.
ரெஜினா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.
கோபமில்லை. மூச்சுக்கு.

பெயிண்ட் வாளியில் போட்டதில் இரண்டு முளைத்தன.
ஒன்றைக் கோழி கொத்தியது.
மற்றது
மலக்குழாயைப் பிடித்துக்கொண்டு ஏறியது.
அது பிடித்து ஏற
வேறு என்ன வைத்திருந்தோம் நாங்கள்?

"குழா வெடிக்கும், சொல்லிட்டேன்"
என்றார் முதல் மாடி துளசிங்கம்.
இரண்டாம் மாடி சம்பூரணத்தின் கொடிக்கம்பியில்
பாவாடைக்கும் துண்டுக்கும் நடுவே
சுருண்டு இடம்பிடித்தது.
அவள் அறுக்கவில்லை.
பாவாடையை நகர்த்தினாள்.

எண்ணூர் ரோட்டில் வரிசைகட்டி உறுமும் டிரெய்லர்கள்
ஒரே நாளில் இலைகளைக் கறுப்பாக்கிவிடும்.
பல் பல்லாய் ஓரம் வெட்டிய இலைகள்.
ஈரத்துணியால் எட்டும் வரைக்கும் துடைப்பாள் ரெஜினா.
எட்டாத இலைகள்
எங்களைப் போலவே மூச்சு விட்டன.

ஐப்பசியில் தண்ணீர் வந்தது,
முழங்கால் வரை, மேலே கறுப்பு ஆடையோடு.
வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.
மேலே அது குழாயை விடவில்லை.
கீழே நான் வாளியை விடவில்லை.
ராத்திரி ஒன்பதரைக்குச் சம்பூரணம்
மருமகனுக்கு வாங்கிய ஸ்டூலை
மாடிப்படி வழியாக இறக்கினாள்.
"தண்ணி வடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடணும்."
இன்னும் கொடுக்கவில்லை.

மாசியில் காய்த்தது.
பச்சையாய் இருந்து கறுத்து, காய்ந்து, வெடித்தது.
நாலு மூலை. சில சமயம் ஐந்து.
கௌஸ் சொன்னதைக் கேட்காமல்
ஒன்றைப் பச்சையாக மென்றேன்.
தொண்டையில் சாயங்காலம் வரை அரம் ஓடியது.
வறுத்தபிறகு வேறு.
வேர்க்கடலைதான்,
ஆனால் அடியில் எங்கோ
காசிமேட்டுக்குப் போய் வந்த கடலை.

"என் ஜன்னல்ல தொங்குனது, மூணு காய் என்னுது"
என்று கணக்கோடு வந்தார் துளசிங்கம்.
குழாய் வெடிப்பதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

அவர் போனபிறகு மிச்சமிருந்ததை
அம்மிக்குழவியால் நசுக்கினாள்,
கையில் கிடைத்த ரேஷன் பில் மேல் வைத்து.
ஒரு சொட்டுகூட வடியவில்லை.
காகிதம் மட்டும்
மெல்ல மெல்லக் கண் திறந்தது.
விரலை மோந்தாள்.
பிறகு என் உள்ளங்கையைப் பிடித்து இழுத்து
அதையும் மோந்தாள்.
"ரெண்டுக்கும் ஒரே பேரா வெச்சானுங்க?"

பில்லை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.
கறை படிந்த இடத்தில் மட்டும்
பின்பக்கமிருந்தும் படிக்க முடிந்தது,
இடம் வலமாக:
பாமாயில், ஒரு லிட்டர்,
இருபத்தைந்து ரூபாய்.